அந்தப் பக்கம் போன கோப்புகள்

இடது பக்கம் நம்முடையது, வலது பக்கம் அங்கே இருப்பது, நடுவில் ஆளுக்கொரு திசை காட்டும் இரண்டு அம்புக்குறிகள். டபிள்யூஎஸ் எஃப்டிபியின் சாம்பல் நிற ஜன்னலில் இதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இடது பட்டியலில் ஒரு கோப்பைத் தொட்டு, வலப்பக்கம் காட்டும் அம்பை அழுத்தினால், ஒரு சின்னப் பெட்டியில் நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து நூறைத் தொடும். பிறகு வலது பட்டியலிலும் அதே பெயர் தோன்றும். அவ்வளவுதான். இடது பக்கத்தில் எதுவும் குறைந்திருக்காது. நம்மிடம் இருந்தது நம்மிடமே இருக்கும். அதன் நகல் ஒன்று கடல் தாண்டி எங்கோ ஒரு கணினியில் போய் உட்கார்ந்திருக்கும்.

இப்போதும் எதையாவது அப்லோட் செய்யும்போது என் கண் அந்த வலது பட்டியலைத் தேடுகிறது. ஏறியது எங்கே ஏறியது? எந்த ஃபோல்டரில்? என்ன பெயரில்? யாரும் சொல்வதில்லை. ஒரு பச்சை டிக் வருகிறது, அதை நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் இந்த வேலையைப் படித்தது பாளையங்கோட்டையில், மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு ப்ரவுசிங் சென்டரில். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள். அதற்கு முன் அது எஸ்டிடி பூத். கண்ணாடிக் கூண்டை இடிக்க மனமில்லாமல் அண்ணாச்சி அதற்குள் மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் பிளைவுட் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு டெலிபோன் லைன். மோடம் கிறீச்சிட்டு அடங்கியதும் "கனெக்ட் ஆயிட்டு" என்று அண்ணாச்சி பொதுவாக அறிவிப்பார். மணிக்கு முப்பது ரூபாய். கோப்பு ஏற்றுகிறவர்களிடம் அவர் கொஞ்சம் கறாராக இருப்பார். ஒருத்தர் ஏற்ற ஆரம்பித்தால் மற்ற மூன்று பேருக்கும் யாஹூ மெயில் திறக்காது.

ஏற்றியது எனக்காக அல்ல. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிச் சீமையின் சொலவடைகளை நாற்பது பக்க நோட்டுகளில் எழுதிக் குவித்திருந்தார். எந்த ஊரில், யார் வாயில் கேட்டது, சண்டையில் சொன்னதா சமாதானத்தில் சொன்னதா என்றெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு இருக்கும். புத்தகமாகப் போட எவரும் முன்வரவில்லை. டொரண்டோவில் இருந்த அவருடைய தங்கை மகன் லீவுக்கு வந்தபோது, "நெட்ல போட்டிரலாம் மாமா, காசே ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனான். காசு ஆகாது என்றால் வேலை ஆகும். அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. நான் அதைச் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குத் தமிழ் இணையத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டேப் என்று இரண்டு குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாகியிருந்தன. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற வேறொரு குறியீட்டில் எழுதினார்கள். பத்திரிகைகள் அவரவர் சொந்த எழுத்துருவில். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது என்றாலும், சென்டரில் இருந்த விண்டோஸ் 98-க்கு அதைக் கோத்துக் காட்டத் தெரியாது. நாங்கள் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலை வைத்து டிஸ்கியில் தட்டினோம். வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து, நோட்பேடில் டேக் போட்டு, ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு சென்டருக்குப் போவது. 1.44 எம்பி. சொலவடைக்கு அது தாராளம். வாத்தியாரின் புகைப்படத்தையும் பனங்காட்டுப் படத்தையும் சேர்த்தபோதுதான் இடித்தது.

ஏற்றுவதில் ஒரு வரிசை உண்டு. இன்றைக்கு யாருக்கும் தேவைப்படாத அறிவு அது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் படங்கள், அப்புறம் எழுத்துருக் கோப்பு, அதற்கப்புறம் உள்பக்கங்கள், இண்டெக்ஸ் பக்கம் கடைசி. முகப்பை முதலில் ஏற்றிவிட்டால், அதே நேரம் உள்ளே வருகிறவர் அதிலுள்ள சுட்டியைத் தட்டி, இன்னும் வராத பக்கத்தின் முன்னால் போய் நிற்பார். வேலை முழுவதும் முடிந்த பிறகு வாசலைத் திறப்பதுதான் மரியாதை. டயல்அப்பில் மேலே அனுப்பும் வேகம் எவ்வளவு நல்ல லைன் என்றாலும் விநாடிக்கு 4 கேபி; நூறு கேபி படம் ஒன்று ஏறுவதற்குள் வாத்தியார் இரண்டு சொலவடைக்குப் பொழிப்புரை சொல்லி முடித்துவிடுவார்.

"ஏறிட்டாடே?"

"ஏறிக்கிட்டே இருக்கு சார். அறுபது பர்சென்ட்."

"இம்புட்டு நேரமா? நான் நடந்தே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்."

அறுபது எழுபதாகும் நேரம் பார்த்து உள்வீட்டில் மைனி போனை எடுப்பார். சென்டரும் வீடும் ஒரே லைன், இரண்டு கருவி. ரிசீவரைத் தூக்கிய கணமே மோடம் செத்துப்போகும். "ஏட்டி, போன வை!" என்ற அண்ணாச்சியின் குரல் மார்க்கெட் வரை கேட்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி எஃப்டிபியில் உண்டு, எங்கள் இலவச வழங்கியில் கிடையாது. மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். வாத்தியார் கோபப்பட்டதே இல்லை. நோட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்வார்.

ஜன்னலின் அடியில் மூன்று பொத்தான்கள் இருக்கும்: ஆஸ்கி, பைனரி, ஆட்டோ. இதில்தான் எத்தனையோ பேருடைய ராத்திரி போயிருக்கிறது. விண்டோஸ் ஒரு வரி முடிந்ததைக் காட்ட இரண்டு குறிகள் வைக்கும், யூனிக்ஸ் வழங்கி ஒன்றுதான் வைக்கும். ஆஸ்கி முறையில் அனுப்பினால் எஃப்டிபி அந்த வித்தியாசத்தைத் தானே சரிசெய்துகொண்டு போகும். எழுத்துக்கு அது நல்லது. படத்துக்கும் எழுத்துருவுக்கும் கேடு. படத்தின் நடுவில் தற்செயலாக அதே எண்கள் வந்தால் அதையும் வரிமுடிவு என்று நினைத்துத் திருத்திவிடும். கோப்பு ஏறியிருக்கும், பெயர் சரியாக இருக்கும், திறந்தால் படத்தின் பாதி சாம்பல் கோடுகளாக இருக்கும். பைனரி என்றால் உள்ளதை உள்ளபடி. சிஜிஐ நிரலுக்கு இது தலைகீழ்: விருந்தினர் பதிவேடு வைப்பதற்கான அந்த பெர்ல் கோப்பை பைனரியில் அனுப்பினால் வரிமுடிவில் ஒட்டிக்கொண்ட ஒரு கூடுதல் குறிக்காக வழங்கி 500 என்று பிழை காட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இன்னொரு வம்பு, பெயரின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, யூனிக்ஸுக்கு வேறு வேறு. ஸ்டூடியோக்காரர் கொடுத்த படத்தின் வால் பெரிய எழுத்தில் இருக்கும், பக்கத்தில் நாம் சின்ன எழுத்தில் எழுதியிருப்போம். நம் கம்ப்யூட்டரில் படம் ஜம்மென்று தெரியும், அங்கே போனால் வெறும் சிவப்புப் பெருக்கல் குறி. இதை விளக்கியபோது வாத்தியார், "நம்ம தமிழ்ல இந்த வம்பே கெடயாதுல்லா" என்றார். ஒரு ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய திருப்திகளில் அதுவும் ஒன்று.

எஃப்டிபி என்ற இந்தக் கோப்பு அனுப்பும் ஏற்பாட்டை முதலில் எழுதிவைத்தவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்தவர், கான்பூர் ஐஐடியின் முதல் அணி, 1965-ல் படிப்பை முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போனார். 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட ஆர்எஃப்சி 114 என்ற நெறிமுறைக் குறிப்பு அவர் எழுதியது. டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்கான திட்டத்தை எழுதியது 1989-ல்; அதற்குப் பதினெட்டு ஆண்டு முந்தியது இந்த எஃப்டிபி. மின்னஞ்சல்கூடத் தொடக்கத்தில் இதன் முதுகில் ஏறித்தான் போனது. அப்போது எங்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் வாத்தியார் முகப்புப் பக்கத்தில் அதற்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருப்பார்.

ஜன்னலின் கீழ்ப்பகுதியில் வழங்கியின் பதில்கள் எண்ணோடு ஓடும். 230 என்றால் உள்ளே விட்டாயிற்று. 150, வாங்கிக்கொள்ளத் தயார். 226, வந்து சேர்ந்தது. 530 வந்தால் கடவுச்சொல் தப்பு. இரண்டில் தொடங்கினால் நல்ல சேதி, ஐந்தில் தொடங்கினால் கெட்ட சேதி. வலையில் எல்லோருக்கும் தெரிந்த 404 இந்த வம்சத்தில் பின்னால் பிறந்த பிள்ளை. எங்கள் சென்டரில் 226 ஒரு பேச்சுவழக்காகவே ஆகிப்போனது. டீ வாங்கப் போன பையன் திரும்பி வந்தால் அண்ணாச்சி "226" என்பார்.

எஃப்டிபி இரண்டு இணைப்புகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும். 21-ஆம் வாயிலில் பேச்சு மட்டும். சரக்குக்குத் தனி வழி. பாளை மார்க்கெட்டில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது ஒரு பக்கம், வாழைத்தார் லாரி வந்து நிற்பது வேறொரு பக்கம் என்பதுபோல. பழைய முறையில் அந்தச் சரக்கு வழியை வழங்கிதான் நம்மைத் தேடி வந்து திறக்கும். ஒரே லைனைப் பங்குபோட்டுக்கொண்ட சென்டரில் எந்தக் கம்ப்யூட்டரைத் தேடி வருவது என்று அதற்குத் தெரியாது. பேச்சு நடக்கும், சரக்கு அசையாது. பேசிவ் என்ற ஒரு கட்டத்தில் டிக் போட்டால் நாமே போய்த் திறந்துகொள்ளலாம். அந்த டிக்கைச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணாச்சி. எட்டாவதுக்கு மேல் படிக்காத மனிதர். யாரிடம் கற்றார் என்று நான் கேட்டதில்லை.

அந்த நாட்களை ஒரேயடியாகத் தூக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. எஃப்டிபியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். இடையில் எட்டிப் பார்க்கத் தெரிந்தவன் எவனும் வாசித்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் அந்தச் சிரமம்கூட வேண்டியதில்லை. பாதிப் பேர் கடவுச்சொல்லை அண்ணாச்சியிடம் சொல்லி அவரையே அடிக்கச் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஏற்பாடு ஒழிந்தது நியாயம்தான். டெபியன் தன் பொது எஃப்டிபி வாசலை 2017 நவம்பரில் மூடியது. 2021 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸும், அக்டோபரில் குரோமும் எஃப்டிபி முகவரிகளைத் திறப்பதையே விட்டுவிட்டன. நான் வருத்தப்படுவது நெறிமுறைக்காக அல்ல, அந்த இடது பக்கத்துக்காக.

இடது பக்கம் இருந்தவரை, எழுதியது முதலில் வீட்டில் இருந்தது. அங்கே இருப்பது நகல் என்பது தினமும் கண்ணில் பட்டது. 2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் வந்தன. நேராக அங்கேயே தட்டி அங்கேயே பதிப்பிக்கலாம். பிளாகரில் எழுதி நம் சொந்த வழங்கிக்கு எஃப்டிபி வழியாகத் தள்ளும் வசதியும் கொஞ்ச காலம் இருந்தது. 2010 மே 1-ஆம் தேதி அதையும் நிறுத்தினார்கள். அதற்குள் பெரும்பாலானவர்கள் இடது பக்கத்தை மறந்துவிட்டார்கள். எழுதியதற்கு வீட்டில் ஒரு பிரதி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அங்கே இருப்பது அங்கேயே இருக்கும் என்று நம்பியவர்களுக்கு ஜியோசிட்டீஸ் ஒரு பாடம். 1994-ல் தொடங்கி, 1999-ல் யாஹூ வாங்கி, 2009 அக்டோபர் 26-ஆம் தேதி மூடப்பட்டது. அங்கே தளங்களுக்குப் பேட்டைகள் உண்டு: படிப்பும் எழுத்தும் சார்ந்தவை ஏதன்ஸில், ஆசியா சார்ந்தவை டோக்கியோவில், பேட்டைக்குள் நான்கு இலக்க வீட்டு எண். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் இழுத்துக் காப்பாற்றியது போக, மற்றது போயே போனது. எங்கள் சொலவடைத் தளம் இருந்த இலவச வழங்கிக்கு அந்தக் கூட்டமும் வரவில்லை. பெயர் வேண்டாம், ஒருநாள் முகவரியைத் தட்டினால் அங்கே ஏதோ கடன் அட்டை விளம்பரம் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் வாத்தியார் காலமாகியிருந்தார். அவரிடம் போய்ச் சொல்லவேண்டிய நிலை வரவில்லை.

அதே காலத்தில், அதே மாதிரி எளிய எச்டிஎம்எல் பக்கங்களாகத் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் இருக்கிறது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னெடுத்தது. பல நாடுகளில் இருந்தவர்கள் ஊதியம் வாங்காமல் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். முகப்புக் குறிப்பை நீக்காமல் யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துப் பரப்பலாம் என்று ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியிருந்தது. அது பிழைத்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்பது என் கணிப்பு. ஒரு பிரதி உலகத்தின் வலது பக்கத்தில் அழிந்தால் நூறு இடது பக்கங்களில் இருக்கும். பின்னால் யூனிகோடுக்கு மாற்றவும் கையில் கோப்பு இருந்தது.

எங்கள் கோப்புகள் சென்ற ஆண்டு ஒரு சிடியில் கிடைத்தன. சிடியின் முகத்தில் மார்க்கரால் "சொல" என்று எழுதி, மீதி அழிந்திருந்தது. திறந்தால் உலாவியில் லத்தீன் எழுத்துகளும் பின்னக் குறிகளுமாக ஒரு வாந்தி. எழுத்துருவும் அதே சிடியில் இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் வந்தது. யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் போட்டேன். டிஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. ஆயிரக்கணக்கான கொம்புகள் ஒரு நொடியில் இடம் மாறி உட்கார்ந்தன. சொலவடைகள் ஏறக்குறைய முழுமையாக வந்துவிட்டன.

அவற்றோடு நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. டபிள்யூஎஸ் எஃப்டிபிக்கு ஒரு குணம்: எந்த ஃபோல்டரிலிருந்து கோப்பு அனுப்பினாலும் அங்கே தன் பெயரில் ஒரு லாக் கோப்பைப் போட்டுவைக்கும். தேதி, மணி, ஆஸ்கியா பைனரியா என்பதற்கு ஓர் எழுத்து, கோப்பின் பெயர், ஒரு அம்பு, போய்ச் சேர்ந்த இடம். அப்போதெல்லாம் அது ஒரு தொல்லை. கவனிக்காமல் விட்டால் அந்த லாக்கும் சேர்ந்து வழங்கிக்கு ஏறிவிடும். இப்போது அதை வரிவரியாக வாசித்தேன். ஒரே படத்தின் பெயர் அடுத்தடுத்து மூன்று தரம் வந்த இடத்தில் மைனி போனை எடுத்திருக்கிறார். ஒரு முழு மே மாதம் வெறுமை: வாத்தியார் பேத்தி கல்யாணம். அப்புறம் இரவு ஒன்பதரைக்கு மேல் தேதிகள் மாறிமாறி வருகின்றன. ராத்திரி கால் ரேட் குறைவு என்று அண்ணாச்சி எங்களை அப்போதுதான் வரச்சொல்வார். நாட்குறிப்பு எழுதும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை. அந்த வருஷங்களுக்கு என்னிடம் இருக்கும் நாட்குறிப்பு அது ஒன்றுதான்.

அண்ணாச்சி கடை இன்னும் இருக்கிறது. போர்டில் 'ஆன்லைன் சேவை' என்று இருக்கும். மகன் பார்த்துக்கொள்கிறான், அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார். இன்றும் அங்கே நடப்பது ஏற்றும் வேலைதான். பொறியியல் கவுன்சிலிங்குக்கு மார்க் ஷீட், வேலைக்கு சாதிச் சான்றிதழ், புகைப்படம் 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள். வாசலில் ஃபைபர் லைன் தொங்குகிறது. அன்றைக்கு லைன் மெலிசு என்பதற்காகப் படத்தைச் சுருக்கினோம், இன்றைக்கு விண்ணப்பம் கேட்கிறது என்பதற்காகச் சுருக்குகிறார்கள். சுருக்கிக் கொடுக்கப் பத்து ரூபாய். 'சக்சஸ்' என்று வந்த திரையைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தால்தான் பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்கள் நகர்கிறார்கள். அவர்கள் கேட்பது ரொம்ப நியாயம்.

சிடி கிடைத்ததை அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன். லாக்கில் பைனரிக்கான எழுத்து எது என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருந்தது. "வாத்தியார் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்குடே" என்று சொல்லி, கடையில் கூட்டம் நிற்க, எழுத்து எழுத்தாக உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.

"சத்தமாச் சொல்லாதீங்க அண்ணாச்சி" என்றேன்.

"எவன் எடுத்து என்னல செய்யப்போறான்? உள்ள போறதுக்கு வீடே இல்லயே!" என்று சிரித்தவர், மிச்ச நாலு எழுத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் டோக்கன் கொடுக்கப் போனார்.